ஊத்தைப் பக்கத்தில் இருபது நிமிடம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலிஷில் ஒரு கடிதம் எழுத இன்றைக்கும் எனக்கு வராது. அப்படிப்பட்டவன் இந்த ரொறன்ரோவில் என்ன செய்தான் என்பதை முதலில் கேளுங்கள். ஸ்காபரோவில் ஒரே ஒரு தோய்க்கிற மெசினோடு இருண்டு கிடந்த லோண்டரியை, எட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் இருபத்திச் சொச்சம் முதியோர் இல்லங்களுக்கும் பெட்சீட்டும் கவுணும் துவாயும் தோய்த்துக் கொடுக்கிற பக்டரியாக்கினேன். மொன்றியலில் மூடின ஒரு பக்டரியிலிருந்து, பெட்சீட் அயன் பண்ணுகிற உருளை மெசினைக் கழற்றி, பனிக்குள் ரக்கில் ஏற்றிக் கொண்டுவந்து, படமும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் திரும்பப் பூட்டி ஓட வைத்தேன். பார்க்க வந்த என்ஜினியர், "இதை ஆர் பூட்டினது?" என்று என்னையே கேட்டான். பிறம்ரனில் இரண்டாவது பக்டரி எழும்பியபோது, தண்ணீர்க் குழாய் எங்கே போக வேண்டும் என்று தரையில் சோக்குக் கட்டியால் கீறிக் காட்டியவன் நான். டோர்செட் பார்க் அடுக்குமாடிகளில் எந்தத் தட்டில் போய்க் கதவைத் தட்டினாலும், கனடாவில் முதல் வேலையை என்னிடம் பழகிய ஒருவர் வந்து திறப்பார். காசு போட்டவர் முதலாளி, அதில் சந்தேகமில்லை. கட்டினது நான்.

சூப்பர்வைசராகப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களிடம் டிப்ளோமா இருக்கிறது. கொம்பியூட்டர் தெரியும். மெசின் பழகுவது உங்களுக்குப் பெரிய காரியமில்லை, ஆகையால் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆட்களைப் பற்றி எழுதப் போகிறேன். இவ்வளவையும் கட்டிய நான், இதற்குள்ளேயே ஒரு பிழையையும் சேர்த்துக் கட்டி, பதினொரு வருசம் அதை ஒழுங்கென்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

பக்டரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் கூரை வரைக்கும் ஒரு சுவர். ஒரு பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற ஊத்தைச் சாமான் பெல்ட்டில் ஓடும். ஆட்கள் வரிசையாக நின்று தரம் பிரித்து மெசினுக்குள் போடுவார்கள். மற்றப் பக்கம் தோய்த்துக் காய்ந்தது வெளியே வரும்; அயன் பண்ணி, மடித்து, அடுக்கி அனுப்புவார்கள். கிருமி பரவக் கூடாது என்பதற்காக ஊத்தைப் பக்கத்து ஆள் உடுப்பு மாற்றிக் கைகால் கழுவாமல் சுத்தப் பக்கத்துக்கு வர முடியாது. அது சுகாதாரச் சட்டம். நான் போட்டது வேறொரு சட்டம், எங்கேயும் எழுதாத சட்டம். சுத்தப் பக்கம் முழுக்கத் தமிழர். ஊத்தைப் பக்கம் முழுக்க ஸ்பானிஷ் ஆட்கள்.

ஏன் அப்படி? ஊரில் அடுத்தவரின் ஊத்தை உடுப்பைத் தோய்த்துக் கொடுத்தவர்களை எங்கள் ஆட்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்பது உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியும். முற்றத்தைத் தாண்ட விட்டதில்லை. அந்த நினைப்பையும் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம். வேலைக்கு வந்த எங்கள் பெடியன்கள் அயன் பண்ணுவார்கள், மடிப்பார்கள், ரக் ஓடுவார்கள். வாந்தியும் இரத்தமும் பிரண்ட பெட்சீட்டில் கை வைக்கச் சொன்னால், "அண்ணை, நாளைக்கு எனக்கொரு அலுவல் இருக்கு" என்று போனவர்கள்தான், திரும்பி வரமாட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. ஏஜென்சியைக் கூப்பிட்டேன். எல் சல்வடோர், கொலம்பியா, எக்குவடோர், மெக்சிக்கோ என்று பல நாட்டிலிருந்தும் வந்தவர்களை அனுப்பினார்கள். எங்களுக்கு எல்லாரும் ஸ்பானிஷ்தான். நாட்டைக் கேட்டதில்லை. "அவை முறிஞ்சு வேலை செய்யிற ஆக்கள், அவைக்கு உது பழக்கம்" என்று எல்லாரும் சொன்னோம். ஆர் பழக்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

லீட் ஹாண்ட் என்ற படி இருக்கிறதே, பத்துப் பதினைந்து பேரை நடத்துகிற ஆள், அந்த இடத்துக்கும் ஒரு ஸ்பானிஷ் ஆள் வரவில்லை. அயன் மெசின் தெரிந்தவர்தான் லீட் ஹாண்ட் ஆகலாம் என்று வைத்திருந்தேன். அயன் மெசின் இருப்பது சுத்தப் பக்கத்தில். கணக்குச் சரியாக வந்தது பாருங்கள். நான் வந்த புதிதில் வேலை செய்த இடத்தில், வெள்ளைக்கார போர்மன் என்னைக் கொதிநீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட விட்டவன். என் சாப்பாடு மணக்குதாம். அவனை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் ஊத்தைப் பக்கத்து ஆட்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு மைக்ரோவேவும் வாங்கிப் போட்டேன் என்று பெருமைப்பட்டவன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கோவிட் வருவதற்கு இரண்டு மூன்று வருசம் முந்தி. என் மனைவியின் தம்பி சிவம் அப்போது சுத்தப் பக்கத்து லீட் ஹாண்ட். ஒருநாள் வந்து முறைப்பாடு வைத்தான்.

"அத்தான், உவை வந்து நிண்டா வாய் மூடுறேல்லை. பெல்ட் ஓடுது, அங்கயிருந்து ஒருத்தி கத்துறாள், இங்கயிருந்து ஒருத்தி சிரிக்கிறாள். எங்களைப் பற்றித்தான்."

"உனக்கு ஸ்பானிஷ் விளங்குமோ?"

"விளங்காது. ஆனா சிரிப்பு விளங்கும்தானே."

அந்தக் கிழமை தலைமை அலுவலகத்து மனேஜரும் சுற்றிப் பார்க்க வந்தார். அவரும், "இது என்ன சந்தையா?" என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. அடுத்த நாளே பெல்ட்டுக்கு மேலே பலகை தொங்கவிட்டேன்: வேலை நேரத்தில் இங்கிலிஷ் மட்டும். சுத்தப் பக்கத்தில் அப்போது தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பலகை தொங்கவிட எனக்குத் தோன்றவேயில்லை.

ஊத்தைப் பக்கம் சத்தம் அடங்கியது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மனேஜரிடமிருந்து போன். ஒரு ஆஸ்பத்திரியில், நாங்கள் அனுப்பிய சத்திரசிகிச்சைக் கவுண் கட்டுக்குள்ளிருந்து கத்தரிக்கோல் ஒன்று வந்திருக்கிறது. கட்டைப் பிரித்த தாதியின் கை வெட்டுப்பட்டுவிட்டது.

"மூண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர் கூப்பிடுவினம். அதுக்கு முதல் எனக்கொரு பேர் வேணும். அந்த ஆளை இண்டைக்கே அனுப்பு. மிச்ச ஸ்பானிஷ் ஆக்களைத் திங்கட்கிழமைக்குள்ள மாத்து, ஏஜென்சியில வேற ஆக்கள் இருக்கினம்" என்றார். இங்கிலிஷில்தான் சொன்னார், ஆனால் பலசரக்குக் கடையில் அழுகின தக்காளிப் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

பத்தொன்பது பேர். அவர்களில் மூத்தவர் நோர்மா, எல் சல்வடோர்க்காரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேருக்குப் பதவி இல்லாவிட்டாலும் பெல்ட்டை நடத்தியவர் அவர்தான். பதினொரு வருசம் ஒருநாள் பிந்தி வந்ததில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், போனை வைத்த அடுத்த நிமிடமே ஒரு துண்டில் நோர்மாவின் பேரை எழுதிவிட்டேன். வேறு பேர் எனக்கு அந்தப் பக்கத்தில் தெரியாது. பேர் தெரிந்த ஒரே ஆள் என்பதற்காக அவரை வெட்டப் போனேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேலிடம் பேர் கேட்கும்போது, உங்கள் வாயில் முதலில் வருகிற பேர் பிழை செய்தவரின் பேராக இருக்காது. திருப்பிக் கதைக்க வழியில்லாதவரின் பேராக இருக்கும்.

துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊத்தைப் பக்கம் போனேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓடியது உடைந்த இங்கிலிஷ். நான் தமிழில் எழுதுகிறேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"மிஸ்டர், பேர் எழுதியாச்சோ?"

"எழுதியாச்சு."

"என்ர பேரோ?"

துண்டை எடுத்துக் காட்டினேன்.

"அந்தக் கத்தரிக்கோல் எங்கட கையால போய், மெசினுக்குள்ள போய், உங்கட ஆக்களின்ர கைக்கு வந்து, அவை மடிச்சுக் கட்டித்தான் ரக்கில ஏறினது. மடிச்ச ஆளின்ர பேரையும் எழுதினீங்களோ?"

காலையிலிருந்து அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. மனேஜருக்கும் வரவில்லை. பேர் தேடிக்கொண்டு நாங்கள் போனது சுவருக்கு ஒரு பக்கம்தான்.

"உங்களுக்கு எல்லா மெசினும் தெரியும் எண்டு சொல்லுவீங்களே" என்றார் நோர்மா. "இந்தப் பெல்ட்டில ஒருநாள் நிண்டிருக்கிறீங்களோ? இருபது நிமிசம் நில்லுங்கோ. பேந்து பேரைக் குடுங்கோ."

நான் நின்றதில்லை. அந்த மெசினின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்த நான், அதன் வேகத்தை என் கையாலேயே கூட்டிவைத்த நான், அதில் கை வைத்ததில்லை. சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. சிவமும் இன்னும் இரண்டு பேரும் அதற்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. எனக்குக் கூசியது. இரத்தத்துக்கில்லை, அவர்கள் பார்க்கிறதற்கு. மூன்று மணிக்கு இன்னும் நேரமிருந்தது. மேலங்கியைப் போட்டுக்கொண்டு கையுறை மாட்டினேன்.

பெல்ட் வந்தது. நான் மேலேயிருந்து பார்த்தபோது மெல்ல ஓடிய பெல்ட், முன்னால் நின்றபோது ஆறுபோல வந்தது. ஒரு பெட்சீட்டை விரிக்க முன்னம் அடுத்தது. ஆறாவதோ ஏழாவதோ, கவுண் ஒன்றைப் பிடித்து இழுக்கப் போனேன். பக்கத்தில் நின்ற இளம் பெண் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டாள். கவுணின் மடிப்புக்குள் கூர் முனைச் சாமண இடுக்கி ஒன்று, வாய் திறந்தபடி. அவள் அதை இரண்டு கை தூரத்திலேயே கண்டுவிட்டாள்.

"கண்டனியெண்டால் ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

அவள் விரலை மட்டும் மேலே காட்டினாள். என் பலகை.

நோர்மா விளங்கப்படுத்தினார். பலகை வருவதற்கு முதல், ஆஸ்பத்திரியில் தவறி உடுப்போடு சுருண்டு வருகிற சாமான் எதையும் ஒவ்வொருவரும் கண்டவுடன் கூப்பிட்டுச் சொல்வார்களாம். திஹேரா என்றால் கத்தரிக்கோல், அகூஹா என்றால் ஊசி. பெல்ட்டின் மேல் தலைப்பில் நிற்பவர் கூப்பிட்டால், சாமான் கீழே வருவதற்குள் எல்லார் கையும் ஆயத்தம். கிழவர்களின் பொய்ப்பல் வந்தால் அதையும் கூப்பிடுவார்கள், அப்போதுதான் அந்தச் சிரிப்பு. எங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. எங்களை அவர்கள் நினைப்பதேயில்லை.

"இங்கிலிஷில சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்கள் நெருப்பைக் கண்டா இங்கிலிஷிலயோ கத்துவீங்கள்?"

நான் பலகையைக் கழற்றினேன். ஏணி எடுக்கவில்லை, இருக்கிற மர வாங்கில் ஏறிக் கையாலேயே பிடுங்கினேன். "முந்திப் போலக் கூப்பிடுங்கோ" என்றேன். மிச்ச நேரத்தில் ஒரு ஊசி, ஒரு கத்தரிக்கோல், ஒரு சோடிப் பல். மூன்றும் என் கைக்கு வருமுன்னமே என் காதுக்கு வந்தன.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மனேஜரைக் கூப்பிட்டேன்.

"பேர் கிடைச்சுதோ?"

"கிடைச்சுது. என்ர பேர்."

"பகிடி விடாதை."

"ஆக்களின்ர வாயைப் பூட்டினது நான். மடிக்கிற பக்கத்தைப் பாராமல் விட்டதும் நான். ஆஸ்பத்திரிக்கு என்ர பேரைச் சொல்லுங்கோ. இவையில ஒருத்தரையும் நான் அனுப்பமாட்டன். அனுப்பத்தான் வேணுமெண்டால், நாளைக்குக் காலமை மெசினை ஆரைக் கொண்டு ஓட்டப்போறீங்கள் எண்டதையும் யோசியுங்கோ."

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பெருமைக்கும்தான் சொல்லுகிறேன். அந்த மனுசன் "ஒரு மாதம். இன்னொரு சாமான் போனால் நீயும் போகிறாய், அந்தப் பத்தொன்பது பேரும் போகினம்" என்றார்.

பலகையைக் கழற்றினது போதாது. மடிக்கிற பக்கத்தில் கத்தரிக்கோலைத் தவறவிட்டவர்கள், அது எப்படி வருகிறது, எந்த மடிப்புக்குள் ஒளிகிறது என்று கண்ணால் கண்டதேயில்லை. காணாததை எப்படிப் பிடிப்பார்கள்? ஆகையால் திங்கட்கிழமை புதுச் சட்டம்: கிழமைக்கு இரண்டு நாள் சுத்தப் பக்கத்து ஆள் ஊத்தைப் பக்கத்தில், ஊத்தைப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கத்தில். முதல் பேர் சிவம்.

"ஊரில ஆர் இந்த வேலை செய்தது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் என்னை அங்க விடுறியளோ, அத்தான்?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

"நாளைக்கு ஒரு சபை சந்தியில என்ர முகத்தை எங்க வைக்கிறது?"

"இப்ப வைச்சிருக்கிற இடத்திலயே வை. நானும் பக்கத்தில நிக்கிறன்."

எங்கள் ஆட்கள் ஏழு பேர் அந்தக் கிழமையே வேலையை விட்டார்கள். றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள். பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்திய வீட்டு அழைப்பு எங்களுக்கு மட்டும் வரவில்லை. வீட்டில் மனைவி வாசலிலேயே மறித்தாள். "என்ர தம்பியைக் கொண்டுபோய் அதுக்குள்ள நிப்பாட்டினனீங்களாம்?"

"ஓம். நானும்தான் நிண்டனான்."

"அப்ப பின்பக்கத்தால வந்து குளிச்சிட்டு உள்ள வாங்கோ."

முப்பது வருசம் சோறு போட்ட வேலை அது. அன்றைக்குத்தான் எனக்குத் தீட்டு வந்தது. நான் முன்பக்கத்தாலேயே போனேன்.

சிவம் வேலையை விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. பதினோராவது நாள் பெல்ட்டில் நின்று "அகூஹா!" என்று கத்தினான். அவன் சொன்ன விதத்துக்கு அந்தப் பக்கமே சிரித்தது. "இப்ப என்னைப் பற்றித்தான் சிரிக்கினம், அத்தான்" என்றான். "ஓம், இப்ப உன்னைப் பற்றித்தான்" என்றேன்.

மாதம் முடிந்தது. ஒரு சாமானும் வெளியே போகவில்லை. பத்தொன்பது பேரும் நின்றார்கள். நோர்மா வந்து நன்றி சொல்லுவார் என்று மனதுக்குள் ஆயத்தமாக இருந்தேன். அவர் வரவில்லை. நானே போனேன்.

"எல்லாம் சரியா வந்திட்டுது, என்ன?" என்றேன்.

"பதினொரு வருசம் எடுத்திருக்கிறீங்கள். கேக் வெட்டச் சொல்லுறீங்களோ?"

பரவாயில்லை என்று விட்டுவிட்டு, பெரிய மனசோடு சொன்னேன்: "உங்களை ரெண்டு பக்கத்துக்கும் லீட் ஹாண்ட் ஆக்கப்போறன்." அவர் தலையை ஆட்டினார், வேண்டாமென்று.

"நீங்கள் தராதேங்கோ. தந்தால் அது உங்கட சாமான். நாளைக்கு வேற ஆள் வந்து எடுத்துப்போடுவார். வேலை இருக்கெண்டு சுவரில பேப்பர் ஒட்டுங்கோ. என்னென்ன தெரிஞ்சிருக்க வேணும் எண்டு அதில எழுதுங்கோ. எல்லாரும் கேக்கட்டும். நானும் கேக்கிறன். எனக்குப் பேந்து வாற பிள்ளையும் அந்தப் பேப்பரைப் பார்த்துக் கேக்க வேணும். உங்கட முகத்தைப் பார்த்தில்லை."

நான் கொடுக்கிற ஆள், என்னிடம் வாங்குகிறவர்கள் வாழ்த்துகிறார்கள், இதுதான் எனக்குத் தெரிந்த ஒழுங்கு. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் பேப்பர் ஒட்டினேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்து வந்தவர்கள். அந்த முகத்தைத் தெரியாதவர்கள் எங்கே நின்றார்கள் என்று பார்த்தால், எல்லாரும் சுவருக்கு ஒரே பக்கத்தில்தான் நின்றார்கள்.

ஐந்து பேர் கேட்டார்கள். ஆளுக்கொரு கிழமை இரண்டு பக்கத்தையும் நடத்த விட்டேன். நோர்மாவின் கிழமையில் ஒரு கட்டுக்கூடப் பிழையென்று திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்கு அவர் பேரையே தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன். மனேஜர் கூப்பிட்டார்.

"அவளுக்கு இங்கிலிஷ் காணாதே."

"எனக்கும் காணாது. என்னை வைச்சுத்தானே ரெண்டு பக்டரி ஓட்டுறீங்கள்?"

அவர் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு நோர்மா பிறம்ரன் பக்டரியின் பகல் நேரச் சூப்பர்வைசர். ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இப்ப ஏன் கேக்கிறீங்கள்?" என்றார். அது எனக்கு இன்னும் தெரியாது. கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை, அதுதான்.

போன மாதம் பிறம்ரனில் புதுக் கட்டடம் திறந்தபோது என்னையும் அழைத்தார்கள். வாசலில் பெரிய கண்ணாடிப் பலகை. ஆட்களை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி விடுவதும், வேலையைச் சுவரில் ஒட்டி எல்லாரையும் கேட்க விடுவதும், தலைமை அலுவலகத்துச் சமத்துவக் குழு யோசித்துக் கொண்டுவந்த திட்டமாம். மேலே மனேஜரின் படம், சிரித்தபடி. நோர்மா எனக்குப் பக்கத்தில் நின்று அதை முழுதாக வாசித்தார். எனக்கும் வாசித்துச் சொன்னார். பிறகு, "மிஸ்டர், இதில எங்கள் ஒருத்தரையும் காணேல்லை" என்றார்.

நான் அங்கே சண்டை போடவில்லை. இங்கே போடுகிறேன். நாளைக்கு அந்த அலுவலகத்தில் இருக்கப் போகிறவர்கள் நீங்கள், ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். அந்தப் பலகையைக் கழற்றி வேறு எழுதுங்கள். அந்தப் பத்தொன்பது பேரின் பேரையும் போடுங்கள். பேர்கள் எனக்கு இப்போது தெரியும், நான் சொல்ல நீங்கள் எழுதலாம். முதல் பேர் நோர்மா. வேலையைப் பேப்பரில் ஒட்டச் சொன்னது அவர், அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் மூன்று மணிக்கு முதல் போனை எடுத்து என் பேரைச் சொன்னவன் நான். சொந்த ஆட்களின் பகையை வாங்கிக்கொண்டு பெல்ட்டில் நின்றவன் நான். பதினொரு வருசம் பிழை விட்டவன் என்றும் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. அதற்குக் கீழே திருத்தினவனும் இவன்தான் என்று, என் முழுப் பேரோடு, அந்தச் சிரிக்கிற படத்துக்கு மேலே எழுதுங்கள்.